கடல்மீது ஒரு மெய்க்கீர்த்தி

கல்வெட்டுகளைப் படித்துப் பழகியோர் ஓர் உண்மையை நன்கு அறிவர். முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழர் சாசனங்களின் முகப்பில் மெய்க்கீர்த்தி ஒன்று நிற்கும். மன்னன் வென்ற நாடுகளும் கைக்கொண்ட முடிகளும் அங்கே ஓசை நயத்தோடு அடுக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழேதான் சாசனத்தின் அலுவல் தொடங்கும். எந்த ஊரில் எவ்வளவு நிலம், எவர் செலுத்தும் இறை எவ்வளவு, கூலியின்றி 'வெட்டி' செய்யக் கடமைப்பட்டோர் எவர் என்பன போன்ற செய்திகள் அங்கே வறண்ட நடையிற் கிடக்கும். மெய்க்கீர்த்தியை மட்டும் படித்து மகிழ்பவனுக்குச் சோழர் காலம் பொற்காலமாகவே தோன்றும். கீழ்ப்பகுதியையும் சேர்த்துப் படிப்பவனே அக்காலத்து மனிதரைக் காண்பான்.

இலக்கியத் திறனாய்வு நூல்களோடு நின்றுவிட வேண்டிய தொழில் என்று நாம் கருதவில்லை. ஓர் அரசு தன் கப்பலுக்கு இடும் பெயரும், தன் மக்களுக்கு விடுக்கும் அறிவிப்பும் சொற்களால் ஆனவை. அவற்றுக்கும் உருவம் உண்டு, உள்ளடக்கம் உண்டு. எனவே அவையும் ஆய்வுக்கு உரியனவே. இந்நோக்கோடு துருக்கி நாட்டின் ஆழ்கடல் துளையிடும் கப்பலாகிய 'பாத்திஹ்' பற்றியும், அதனைச் சூழ்ந்து எழுந்த புகழ்மொழிகள் பற்றியும் சில சொல்ல விழைகின்றோம். கருங்கடலில் நிகழ்ந்த ஒரு விடயம் ஈழத்து வாசகருக்கு எதற்கு என்று வினவுவோர் சற்றுப் பொறுத்திருப்பாராக. இதே வகைக் கப்பலொன்று எமது மன்னார்க் கடலுக்கும் வந்து சென்றது.

முதலிற் பொருளைப் பார்ப்போம். பெயரைப் பின்னர்ப் பார்ப்போம். இக்கப்பல் தென் கொரியாவின் உல்சான் நகரில், ஹியுண்டாய் கப்பற் கட்டுந்தளத்தில் உருவாகி, 2011ஆம் ஆண்டிற் கடலுக்கு வந்தது. அன்று அதன் பெயர் 'டீப்சீ மெட்ரோ 2'. எண்ணெய்க் கம்பனிகளுக்குக் கூலிக்குத் துளையிட்டுக் கொடுப்பதற்கென்றே கட்டப்பட்ட வாணிபக் கப்பல் அது. 2014இன் பின் உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ந்தபோது இத்தகைய கப்பல்கள் பல வேலையின்றி நின்றன. அவ்வேளையில், 2017ஆம் ஆண்டில், துருக்கியின் அரச நிறுவனமான பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அதனை விலைக்கு வாங்கியது. 229 மீற்றர் நீளமும் 36 மீற்றர் அகலமும் கொண்ட அக்கலம் துருக்கிக்கு வந்த பின்னரே 'பாத்திஹ்' எனப் பெயர் பெற்றது.

அது தொழில் செய்யும் முறை வியக்கத்தக்கது. ஈராயிரம் மீற்றர் ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்பது எளிதன்று. ஆகவே கப்பலின் அடியிற் பொருத்தப்பட்ட சுழலிகள், செய்மதிகளின் குறிகளைப் பெற்றுக் கணினி இடும் கட்டளைப்படி இரவு பகல் ஓயாது இயங்கி, காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள, கப்பலைத் துளையின் நேர்மேலே நிறுத்தி வைக்கின்றன. கப்பலின் நடுவே அடித்தட்டுவரை ஒரு திறப்பு உண்டு. அதன்மேல் உயர்ந்து நிற்கும் துளைக்கோபுரத்திலிருந்து உருக்குக் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டிப் பூட்டிக் கடலடிக்கு இறக்குகின்றனர். துளையலகு பாறையை அரைக்க, சேறு போன்ற கனத்த திரவம் ஒன்று குழாய்வழியே இறங்கி, அரைபட்ட கல்லை மேலே சுமந்து வருகின்றது. கீழிருந்து வாயு பீறிட்டெழாதபடி அமுக்கி வைத்திருப்பதும் அத்திரவத்தின் கனமே. அதையும் மீறி எழுந்தால், கடலடியில் கிணற்றின் வாயிலே பொருத்தப்பட்ட பெரும் பொறி அவ்வாயை இறுக அடைத்துவிடும். பூமியின் வயிற்றில் அடைபட்ட வாயு எவ்வளவு கொடியது என்பதை நன்கு உணர்ந்தவர்கள் வகுத்த ஏற்பாடு இது. இவ்வுண்மையை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீள்வோம்.

இவ்வளவையும் செய்பவர் யாவர்? குழாய் பூட்டுபவர், பாரந்தூக்கி இயக்குபவர், ஒட்டுவேலை செய்பவர், சேற்றைக் கலப்பவர், பாறைத்துகளைச் சோதிக்கும் புவியியலாளர், சமையற்காரர். பன்னிரண்டு மணி நேர முறைவேலை இத்தொழிலின் வழக்கம். அக்கப்பலைக் கட்டிய கொரியத் தொழிலாளர் வேறு. அதில் உழைக்கும் தொழிலாளர் வேறு. அதன் விலையைக் கொடுத்த துருக்கியப் பொதுமக்கள் வேறு. இம்மூன்று திறத்தாரின் உழைப்பும் பணமும் ஒன்றுகூடி நிற்கும் பொருளுக்கு எவர் பெயர் இடப்பட்டது?

'பாத்திஹ்' என்றால் வெற்றிகொண்டவன். 1453 மே 29ஆம் நாள் கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் முஹம்மதின் விருதுப் பெயர் அது. அடுத்து வாங்கப்பட்ட கப்பலுக்கு 'யாவுஸ்' என்று பெயர். சிரியாவையும் எகிப்தையும் வென்ற முதலாம் சலீம் மன்னனின் பட்டம் அது. கடுமையானவன் என்பது அதன் பொருள். துருக்கியில் இலட்சக்கணக்கில் வாழும் அலவி மக்கள், தம் முன்னோரைக் கொன்று குவித்தவன் என்றே அம்மன்னனை இன்றும் நினைவுகூர்கின்றனர். மூன்றாவது கப்பல் 'கானூனி'. சட்டம் வகுத்தவன் எனப்பட்ட சுலைமானின் பெயர். நான்காவது 'அப்துல் ஹமீத் கான்'. கடலடியை ஒலி அலைகளால் ஆராயும் கப்பல்கள் இரண்டுக்கும் பதினாறாம் நூற்றாண்டின் கடற்போர்த் தலைவர்களான பர்பரோஸ் ஹைரெத்தீன், ஒருச் ரெயிஸ் ஆகிய சகோதரரின் பெயர்கள் கிடைத்தன. முதல் நான்கு துளையிடும் கப்பல்களும் தென் கொரியாவிற் கட்டப்பட்டு, வேற்றுப் பெயர்களோடு உலகெங்கும் கூலிக்கு உழைத்தவை அல்லது உழைக்கக் காத்திருந்தவை என்பதை இப்பெயர்களைக் கேட்பவர் எவரும் ஊகிக்க மாட்டார்.

அரசர் பெயரைக் கப்பலுக்கு இடுவது துருக்கிக்கு மட்டும் உரிய வழக்கன்று. எமது நாட்டுக் கடற்படைக் கலங்களும் கஜபாகு, விஜயபாகு, பராக்கிரமபாகு என்ற பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. போர்க்கலத்துக்குப் போர் வேந்தன் பெயர் இடுவதிலாவது ஒருவகைப் பொருத்தம் காணலாம். வீட்டடுப்புக்கு எரிவாயு தேடப் புறப்பட்ட ஒரு தொழிற்கருவிக்கு நகரங்களை வென்றவன் பெயர் எதற்கு? இவ்வினாவுக்குரிய விடையை 2019ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளிற் காணலாம். அவ்வாண்டு மே மாதத்தில் 'பாத்திஹ்' சைப்பிரஸ் தீவின் மேற்கே சென்று நின்றது. அக்கடல் தனக்குரியதெனச் சைப்பிரஸ் குடியரசு கூறியது. தன் கண்டத்திட்டு என்று துருக்கி கூறியது. கப்பலில் இருந்தோரைக் கைது செய்யச் சைப்பிரஸ் பிடியாணை பிறப்பித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தடைகளை விதித்தது. சம்பளத்துக்குக் குழாய் பூட்டச் சென்றவன், தான் அறியாமலே ஒரு படையெடுப்பின் வீரனாக்கப்பட்டான். தொழிற்கருவியை வெற்றிவேந்தனாக்கும் பெயரின் பயன் இதுவே. கடலில் வளந்தேடும் முயற்சியை அது நாடுபிடிக்கும் முயற்சியாக மக்கள் மனத்திற் பதிக்கின்றது; அண்டை நாட்டு மக்களைப் பகைவராக்குகின்றது.

நான்காவது பெயர் இன்னும் ஆழமாக நோக்கற்பாலது. 2022 ஓகஸ்ட் 9ஆம் நாள், மெர்ஸின் மாகாணத்தின் தாஷுஜு துறையிலிருந்து 'அப்துல் ஹமீத் கான்' கோலாகலமாக வழியனுப்பப்பட்டது. எரிபொருளில் நாட்டின் சுதந்திரத்தை நிலைநாட்டச் செல்லும் கலம் என்று அது போற்றப்பட்டது. யார் இந்த இரண்டாம் அப்துல் ஹமீத்? 1876இல் அரியணை ஏறியவர். அவ்வாண்டு பிறந்த அரசியலமைப்பை 1878இல் முடக்கிப் பாராளுமன்றத்தைக் கலைத்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தணிக்கையும் ஒற்றரும் கொண்டு ஆண்டவர். அவரது ஆட்சியில்தான், 1881ஆம் ஆண்டில், உதுமானியப் பொதுக்கடன் நிருவாகம் என்ற அமைப்பு நிறுவப்பட்டது. ஐரோப்பியக் கடன்காரரின் பிரதிநிதிகள் இஸ்தன்புல் நகரிலேயே அமர்ந்து, உப்பு, புகையிலை, பட்டு, மீன்பிடி முதலியவற்றால் வரும் வருமானத்தை நேரே அறவிட்டுக்கொண்டனர். துருக்கிய உழவனின் உப்பு வரி இலண்டனுக்கும் பாரிஸுக்கும் வட்டியாகச் சென்றது. அக்காலத்து வேந்தனின் பெயரைப் பொருளாதார சுதந்திரத்தின் சின்னத்தில் எழுதுவது வரலாற்றை மறந்தவர் செய்யும் பிழையா, மக்கள் மறக்க வேண்டுமென விரும்புவோர் செய்யும் ஏற்பாடா என்பதை வாசகர் முடிவுக்கே விட்டுவிடுகின்றோம்.

மெய்க்கீர்த்தியின் உச்சம் 2020 மே 29ஆம் நாள் வந்தது. நகரம் கைப்பற்றப்பட்ட 567ஆம் ஆண்டு நிறைவு அது. அந்நாளைத் தேர்ந்தெடுத்து 'பாத்திஹ்' கப்பலைப் பொஸ்பரஸ் நீரிணைவழியே கருங்கடலுக்கு அனுப்பினர். ஆனால் அங்கே ஒரு தடை இருந்தது. நீரிணையின் குறுக்கே மூன்று தொங்கு பாலங்கள் உள்ளன. ஒன்றின் பெயர் பாத்திஹ் சுல்தான் முஹம்மத் பாலம், 1988இல் திறக்கப்பட்டது. மற்றொன்றின் பெயர் யாவுஸ் சுல்தான் சலீம் பாலம், 2016இல் திறக்கப்பட்டது. பாலங்களுக்கும் நீருக்கும் இடையே ஏறத்தாழ 64 மீற்றர் இடைவெளிதான் உண்டு. கப்பலின் கோபுரமோ அதனினும் மிக உயரம். எனவே இஸ்தன்புல்லின் ஆசியக் கரையிலுள்ள ஹைதர்பாஷா துறைமுகத்தில் கோபுரத்தைக் கழற்றிய பின்னரே கப்பல் புறப்பட்டது. வெற்றிவேந்தன் தன் பெயர் கொண்ட பாலத்தின் கீழே முடியைக் கழற்றிவைத்துத்தான் செல்ல வேண்டியிருந்தது! திரப்ஸோன் துறைமுகத்தில் அதனை மீண்டும் பொருத்தினர். கழற்றியவரும் பொருத்தியவரும் தொழிலாளர். விழாவில் முழங்கியதோ 1453.

ஹைதர்பாஷா என்ற பெயரைக் கேட்டதும் உலக இலக்கியம் அறிந்தோர் நெஞ்சில் வேறொரு நினைவு எழும். துருக்கிய மக்கட் கவிஞர் நாஸிம் ஹிக்மத், புர்ஸா நகரச் சிறையில் இருந்தவாறே 'என் நாட்டின் மனிதக் காட்சிகள்' என்ற நெடுங்காவியத்தை எழுதினார். அக்காவியம் தொடங்கும் இடம் ஹைதர்பாஷா புகையிரத நிலையமே. காலம் 1941ஆம் ஆண்டு வசந்தம். சுல்தான்களுக்கு அங்கே தலைமை இல்லை. வேலை தேடுவோர், கைதிகள், உழவர், சிற்றலுவலர், புகையிரதத் தொழிலாளர் ஆகியோரே அக்காவியத்தின் மாந்தர். அக்கவிஞருக்கு அவரது அரசு என்ன செய்தது? 1951இல் குடியுரிமையைப் பறித்தது. 1963இல் அவர் அந்நிய மண்ணில் இறந்தார். பறித்த உரிமை 2009ஆம் ஆண்டிற்றான் மீட்டளிக்கப்பட்டது. ஒரே ஹைதர்பாஷாவில் இரு வகை எழுத்துகள் எதிரெதிரே நிற்பதை நாம் காண்கின்றோம். ஒன்று மக்களைப் பெயர்சொல்லி அழைத்தது. மற்றொன்று மக்கள் உழைப்பின்மேல் மன்னன் பெயரை எழுதியது. ஒரு நாட்டின் இலக்கிய மரபில் எது உயிருள்ளது என்ற வினாவுக்கு விடை தேடுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். "ஏழை நாடொன்று தன் சொந்தக் கப்பலாற் கடலடியைத் துளைத்து எரிபொருள் காண்பதைக் குறைகூறுவது எவ்வகை முற்போக்கு? அந்நியக் கம்பனிகளே துளைக்க வேண்டுமா?" என நண்பர் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி நியாயமானது, இதனைத் தட்டிக்கழிக்க முடியாது. துருக்கி தன் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை 1954ஆம் ஆண்டில் நிறுவியது. அவ்வாண்டிலேயே, அமெரிக்க நிபுணர் ஒருவரின் துணையோடு வரையப்பட்ட பெற்றோலியச் சட்டம் அந்நியக் கம்பனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அரை நூற்றாண்டின் பின்னும் ஆழ்கடலில் துளையிட அந்நாட்டுக்கு வாடகைக் கருவிகளும் அந்நியக் கூட்டாளிகளும் தேவைப்பட்டன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வாறு கருங்கடலில் இட்ட துளைகள் வாணிபத்துக்குரிய பயன் எதையும் தரவில்லை. தன் கருவி, தன் தொழில்நுட்பர், தன் முடிவு என்ற நிலைக்கு ஒரு நாடு வருவது உண்மையான முன்னேற்றமே. 'பாத்திஹ்' கப்பலின் தொழில்நுட்பச் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தேசியமயம் என்ற கோட்பாட்டையும் நாம் கைவிடவில்லை. எமது வழக்கு வேறு. ஒரு பொருள் பொதுவுடைமையாக இருப்பதற்கும், பொதுமக்களுக்கு அது பதில் சொல்வதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. மெய்க்கீர்த்தி அத்தூரத்தை மறைக்கும் திரையாகப் பயன்படுகின்றது என்பதே எமது குற்றச்சாட்டு.

2020 ஜூலை மாதத்தில் கருங்கடலின் மேற்குப் பகுதியில், கரையிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவில், 2,100 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுள்ள இடத்தில் 'பாத்திஹ்' துளையிடத் தொடங்கியது. அக்கிணற்றின் பெயர் 'தூனா-1'. தூனா என்பது தன்யூப் ஆற்றின் துருக்கியப் பெயர். உதுமானியப் படைகள் ஒருகாலத்தில் கடந்து சென்ற ஆறு. ஓகஸ்ட் 21ஆம் நாள் ஜனாதிபதி எர்துவான், சுல்தான்களின் பழைய மாளிகையான தொல்மாபாஹ்சே அரண்மனையிலிருந்து 'நற்செய்தி'யை அறிவித்தார்: 320 பில்லியன் கன மீற்றர் இயற்கை வாயு. ஒக்டோபரில் அத்தொகை 405 பில்லியன் ஆயிற்று. 2021 ஜூனில் 'அமாஸ்ரா-1' என்ற கிணற்றில் மேலும் 135 பில்லியன் காணப்பட்டதாக அறிவித்தனர். 2022 டிசெம்பரில் மொத்தம் 710 பில்லியன் எனத் திருத்தப்பட்டது.

தொகைகளுக்கும் ஓர் அணியிலக்கணம் உண்டு. ஒப்பிடப்படாத பேரெண் வெறும் உயர்வுநவிற்சியாகவே நிற்கும். ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்போம். அவ்வாண்டுகளில் துருக்கி ஆண்டொன்றுக்கு 50 முதல் 60 பில்லியன் கன மீற்றர் வாயுவை எரித்தது. அதில் மிகப் பெரும்பகுதி இறக்குமதி. அறிவிக்கப்பட்ட வாயு முழுவதையும் எடுத்துவிட்டாலும் ஏறக்குறைய 12 முதல் 14 ஆண்டுகளுக்கே போதும். அதனையும் ஒரேயடியாக எடுக்க இயலாது. முதற் கட்டத்தின் இலக்கு நாளொன்றுக்கு 1 கோடி கன மீற்றர். ஆண்டுக் கணக்கில் அது 3.65 பில்லியன், நாட்டின் தேவையில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு. சிறிய தொகையன்று இது. இறக்குமதிக்காக அந்நியச் செலாவணியை இறைக்கும் நாட்டுக்கு இது பெரும் உதவியே. ஆயினும் அரண்மனையில் ஒலித்த விடுதலை முழக்கத்துக்கும் இப்பதினான்கில் ஒரு பங்குக்கும் இடையேயுள்ள இடைவெளியை மக்களுக்கு எடுத்துரைப்பது எழுத்தாளரின் கடன்.

2023 ஏப்ரில் 20ஆம் நாள் முதல் வாயு கரையேறியது. ஸொங்குல்தாக் மாகாணத்தின் பில்யோஸ் என்னுமிடத்தில் விழா எடுத்தனர். வீடுகளுக்கு ஒரு மாத காலம் வாயு இலவசம் என்றும், அதன்பின் ஓராண்டுக்கு மாதந்தோறும் 25 கன மீற்றர் இலவசம் என்றும் அறிவிக்கப்பட்டது. குளிரால் நடுங்கிய ஏழையின் வீட்டில் அடுப்பெரிந்தால் அதில் எமக்கு மகிழ்ச்சியே. எனினும் பொதுத்தேர்தல் மே 14ஆம் நாள் நடைபெறவிருந்தது என்பதையும் குறிப்பிட்டேயாதல் வேண்டும். மக்களின் சொத்திலிருந்து மக்களுக்குச் சேரவேண்டிய பங்கு, வேந்தன் வாரி வழங்கும் கொடையாக உருமாறியது. பழைய புலவன் பரிசில் பெற்றுப் பாடினான். இன்று பொருளுக்கு உரியவனே பரிசிலனாக வாயிலில் நிறுத்தப்படுகின்றான்.

இனிச் சாசனத்தின் கீழ்ப்பகுதிக்கு வருவோம். வாயு கரையேறிய ஸொங்குல்தாக் புதிய ஊரன்று. துருக்கியின் நிலக்கரி வயல் அதுவே. 1867ஆம் ஆண்டில், சுல்தானின் ஆட்சியில், திலாவர் பாஷாவின் ஒழுங்குவிதிகள் எரேலிப் பகுதிக் கிராமங்களின் 13 முதல் 50 வயதுவரையான ஆண்களைச் சுரங்க வேலைக்குக் கட்டாயமாகச் சேர்த்தன. எமது கல்வெட்டுகளின் 'வெட்டி' அங்கே பூமியின் அடியில் நடந்தது. முடியாட்சி போய்க் குடியாட்சி வந்த பின்னும், இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1940ஆம் ஆண்டில் அதே கட்டாய உழைப்பு மீண்டும் வந்து பல ஆண்டுகள் நீடித்தது. 1992 மார்ச் 3ஆம் நாள் கொஸ்லு சுரங்கத்தில் வாயு வெடித்து 263 தொழிலாளர் மாண்டனர். அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1991 ஜனவரியில், அவ்வயலின் தொழிலாளர் பல்லாயிரக்கணக்கில் மனைவி மக்களோடு தலைநகரை நோக்கி உறைபனியில் நடந்து சென்று கூலியும் பாதுகாப்பும் கேட்டிருந்தனர்.

அதே கரையில், ஸொங்குல்தாக்குக்குக் கிழக்கே, அமாஸ்ரா என்ற சிறு துறைமுகப் பட்டினம் இருக்கின்றது. கடலிற் கண்ட கிணற்றுக்கு அப்பட்டினத்தின் பெயரே இடப்பட்டது. அந்நற்செய்தி கூறப்பட்டு ஓராண்டும் நான்கு மாதங்களும் சென்றன. 2022 ஒக்டோபர் 14ஆம் நாள் மாலை, அமாஸ்ராவில் அரசுக்கு உரிய நிலக்கரிச் சுரங்கத்தில், நிலமட்டத்துக்கு ஏறத்தாழ 300 மீற்றர் கீழே வாயு வெடித்தது. 41 தொழிலாளர் மாண்டனர். காயமுற்றோருள்ளும் பின்னர் உயிரிழப்பு நேர்ந்தது. அச்சுரங்கத்தில் ஆழம் கூடக்கூட வாயு வெளிப்படும் ஆபத்தும் கூடுகின்றது என அரச கணக்காய்வு மன்றத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை எச்சரித்திருந்தது. அதிகாரிகள்மீது பின்னர் வழக்குத் தொடரப்பட்டது. ஆனால் மறுநாள் அவ்விடம் வந்த ஜனாதிபதி விதியின் திட்டம் பற்றிப் பேசினார்.

சுரங்கத்தில் வெடித்த வாயு எது? மெதேன். கடலடியிலிருந்து 'பாத்திஹ்' கண்டெடுத்த இயற்கை வாயுவின் முதன்மைக் கூறு எது? அதுவும் மெதேனே. கடலிற் கிடைத்தபோது அது தேசத்தின் நற்செய்தி. சுரங்கத்தில் வெடித்தபோது அது விதி. முன்னதற்கு உரியவன் தலைவன். பின்னதற்கு உரியவன் இறைவன். இதுவே மெய்க்கீர்த்தியின் இலக்கணம். வெற்றியில் எழுவாய் உண்டு. இழப்பில் எழுவாய் மறைந்துவிடும்.

கப்பலின் கிணற்றிலே வாயுவை அடக்கி வைக்க எத்தனை ஏற்பாடுகள் இருந்தன என்று முன்னர்க் கூறினோம். கனத்த திரவம், கடலடி அடைப்புப் பொறி, வாயுவை உணரும் கருவிகள் ஆகிய அனைத்தும் அதே அரசின் பணத்தில் வாங்கப்பட்டவை. மெதேனை அடக்கும் அறிவு அந்நாட்டுக்கு இல்லை என்று எவரும் கூறவியலாது. ஈராயிரம் மீற்றர் நீருக்கடியில் அந்த அறிவைக் கொண்டு செல்ல முடிந்த அரசு, முந்நூறு மீற்றர் நிலத்துக்கடியில் தன் தொழிலாளருக்கு அதனைக் கொண்டு செல்லாமற் போனது ஏன்? தொழில்நுட்பத்திடம் இதற்கு விடை இல்லை. எதனை அரசு தன் புகழாகக் கருதியது, எதனை வெறும் செலவாகக் கருதியது என்பதில்தான் விடை இருக்கின்றது. சாசனம் முழுவதையும் படித்தாலன்றி இவ்வினாவே எழாது. மெய்க்கீர்த்தியைப் பாடுவோர் வேண்டுவதும் அதுவே.

இனி எமது கரைக்கு மீள்வோம். 2011ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் விஞ்ஞான ஆய்வுக் கப்பலாகிய 'சிக்யூ'வை வாடகைக்கு அமர்த்தி, கெயார்ன் கம்பனி மன்னார்ப் படுகையில் துளையிட்டது. 'சிக்யூ' என்றால் பூமி. பூமியின் ஓட்டினை ஆராயக் கட்டப்பட்ட கலத்துக்குப் பொருத்தமான பெயர். எந்த வேந்தனுக்கும் அதில் இடமில்லை. அவ்வாண்டிலேயே இரு கிணறுகளில் வாயு காணப்பட்டது. ஒன்றுக்கு 'டொராடோ' என்றும் மற்றொன்றுக்கு 'பரகூடா' என்றும் பெயரிட்டனர். இரண்டும் மீன்களின் பெயர்கள். பரகூடா என்பது எமது கரையோரத்தார் சீலா என்று அழைக்கும் மீன். மன்னார்க் கடலில் அம்மீனைப் பிடித்து வாழும் மக்களின் மொழியில் அதற்கு ஒரு பெயர் இருக்கின்றது என்பது பெயரிட்டவர்களுக்குத் தோன்றவில்லை. கம்பனி 2015இல் விலகிச் சென்றது. அவ்வாயு இன்றுவரை எவர் அடுப்பையும் எரிக்கவில்லை. கடலடியில் அது இருக்கும்வரை, என்றோ ஒருநாள் இன்னொரு கப்பல் வரும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அக்கப்பல் வரும் நாளில் எமது பத்திரிகைகள் எதனை எழுதும்? துட்டகைமுனுவின் பெயர் பொருந்துமா, சங்கிலியனின் பெயர் பொருந்துமா என்று இருசாராரும் வாதிட்டுக் காலங்கழிக்கும் ஆபத்து மெய்யாகவே உண்டு. பில்லியன் கணக்குகள் தலைப்பில் வரும். கவிஞர் சிலர் பரணி பாடவும் முன்வருவர். அந்நாளில் முற்போக்கு எழுத்தாளர் கேட்கவேண்டிய கேள்விகளை இப்போதே குறித்து வைப்பது நன்று. ஒப்பந்தத்தின் வாசகம் எங்கே? எத்தனை மைல் சுற்றளவில், எத்தனை மாதம், எவர் வலை வீசக்கூடாது? அந்த மாதங்களில் அவர்கள் எதை உண்பர்? கப்பலில் உழைப்போருக்கு நோய் வந்தால், விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்பவர் எவர்? எரித்த வாயுவால் சூடேறும் வானத்துக்கும் உயரும் கடலுக்கும் முதலில் இரையாகும் கரையோரக் குடிசைகளை எந்தக் கணக்கேட்டில் எழுதுவர்? வரும் இலாபத்தில் பேசாலைக்கும் முசலிக்கும் சேரும் பங்கு எவ்வளவு?

இக்கேள்விகளில் ஓசை நயம் இல்லை, அணி இல்லை. சாசனத்தின் கீழ்ப்பகுதிக்கு என்றுமே அவை இருந்ததில்லை. ஆயினும் மனிதர் இருந்தது அங்கேதான். கப்பலுக்கு எப்பெயரையும் இடுவோர் இட்டுக்கொள்க. அதன் கீழ் எழுதப்பட்டிருப்பதை முழுமையாகப் படித்துக் காட்டும் எழுத்தே மக்களின் எழுத்து என நாம் கொள்கின்றோம்.